காயில் கம்பெனிக்கு இனி வெற்றிலை மாற்ற மாட்டேன்

ஏழுமலைக்கு,

பதினோரு பெண்களை இந்த மலையிலிருந்து கீழே இறக்கி, ஒடுகத்தூருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் வைத்துப் பூட்டி, ரேடியோப் பெட்டிக்குள் போகும் காயில் என்ற கம்பிச் சுருள்களைச் சுற்ற வைத்தார்கள். ஈயம் காய்ச்சும் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அதே இடத்தில் சோறு தின்ன வைத்து, அவர்கள் உடம்பைக் கெடுத்தார்கள். கேட்க ஆள் வந்தபோது அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்றார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி உன் அக்கா குப்பு. அவர்களை அனுப்பி வைத்தவனும், ஓடி வந்தவர்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டவனும் உன் அப்பன் நான்தான். இதுதான் நடந்த அநியாயம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வது உங்கள் ஆபீசில் வழக்கமாக இருக்கலாம். எனக்கு அந்த வழக்கம் இல்லை.

பெங்களூரிலிருந்து உன் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். புரியாமல் அல்ல, எழுதியது என் மகன்தானா என்று பார்ப்பதற்காக. முதல் பக்கத்தில் உன்னை சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள் என்று இருந்தது. உன் அம்மா நாலு வீட்டுக்கு வெல்லம் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாம் பக்கத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. டி.வி. பெட்டிக்குக் காயில் சுற்றப் போளூர்ப் பக்கம் புதிதாக ஒரு இடம் ஏற்பாடு ஆகிறது, நாற்பது பெண்கள் வேண்டும், மலைப் பெண்களுக்கு விரல் மெல்லியது, பொறுமை அதிகம், கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். சாமை அறுப்பு முடிந்ததும் காண்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் வருகிறாயாம். நான் ஊர்க்கூட்டம் போட்டுத் தயாராக இருக்க வேண்டுமாம். "நீங்கள் மூப்பன். நீங்கள் தட்டை வாங்கிக்கொண்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். எங்கள் கம்பெனி நேரடியாக எதுவும் செய்வதில்லை, எல்லாவற்றையும் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்." இவை உன் வார்த்தைகள். இதற்கு என் பதிலை மூன்று பிரதி என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று உன் மேனேஜருக்கு. ஒன்றை இங்கே கூட்டத்தில் நானே நின்று வாசிப்பேன். உனக்கு அவமானமாக இருக்கும். இருக்கட்டும். எனக்கு எட்டு வருஷமாக இருக்கிறது, சாகவில்லை.

வெற்றிலை மாற்றுவது என்றால் என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன் மேனேஜருக்காகச் சொல்கிறேன். நம் ஊரில் கல்யாணம் பேசினாலும் கொல்லையைக் குத்தகைக்கு விட்டாலும் காகிதம் எழுதுவதில்லை. கூட்டத்தின் நடுவில், கேட்டு வந்தவன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவான். ஊர் சார்பில் மூப்பன் வாங்கிக்கொள்வான். வாங்கினால் பேச்சு முடிந்தது. அதை முறிக்க வேண்டுமானால் தட்டை நீட்டியவனே மறுபடி அதே கூட்டத்துக்கு வந்து, அதே கையால் வெற்றிலையைத் திருப்பி வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் முறித்துக்கொள்ள முடியாது. அப்படி முறித்த வீட்டில் யாரும் அடுப்புக்கு நெருப்புகூட வாங்க மாட்டார்கள். இதில் எங்களுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்டால், காகிதம் எங்களுக்கு என்ன செய்தது என்பது எங்களுக்குத் தெரியும். கீழேயிருந்து வந்தவர்கள் காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்துவிட்டு, நாங்களே உழுத கொல்லையை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறோம். அதனால் காகிதம் என்றாலே எனக்கு இளக்காரம். அந்த இளக்காரத்தைத்தான் ஒருவன் கண்டுபிடித்து வைத்துக்கொண்டான்.

அவன் பெயர் தேவராஜ். எமர்ஜென்சி முடிந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். நீ அப்போது கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். ஒடுகத்தூர் சந்தையில் நம் ஆட்கள் புளி விற்கும் இடத்தில் நின்று, நம் வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெள்ளை வேட்டியோடு மலை ஏறி வந்தான். பித்தளைத் தட்டு ஒன்றையும் வாங்கிக் கையோடு கொண்டுவந்திருந்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கீழே இருந்து வந்த எவனும் அதுவரை எங்களிடம் தட்டை நீட்டியதில்லை. நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"காகிதம் கீகிதம்லாம் எனக்கு ஒத்து வராதுங்க மூப்பரே. உங்க வெத்தல இன்னா சொல்லுதோ அதான் எனக்குச் சட்டம். மூணே வருஷம். என் வூட்டுப் பொண்ணுங்க மாதிரி பாத்துக்குவேன்" என்றான்.

"இன்னா வேலப்பா அது?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார்.

"கம்பி சுத்தற வேலைங்க தாத்தா. நூல் சுத்தற மாதிரி."

"சுத்தி இன்னா பண்ணுவ?"

"ரேடியோ பாடும்."

"அதுக்கு இன்னாத்துக்கு இம்மா தூரம் இட்டுகினு போற? பொண்ணுங்க இங்கியே பாடிக்கினுதானே கீதுங்க?"

கூட்டம் சிரித்தது. தேவராஜும் சிரித்தான். எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தான். உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து, "நல்லநாளு கெட்டநாளுக்கு வூட்டுக்கு அனுப்புவியா?" என்று கேட்டாள். "தாராளமா வரட்டும்மா" என்றான். நான் தட்டை வாங்கினேன். உன் அக்காவை முதல் ஆளாக நிறுத்தினேன். மூப்பன் மகளே போகிறாள் என்றால் வேறு யாரும் தயங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினேழு வயது. போனவர்களில் இளையவளுக்குப் பதிமூன்று. பதினோரு பேரில் ஒருத்தியைக்கூட யாரும் "நீ போறியா?" என்று கேட்கவில்லை. தேவராஜ் கேட்காததில் ஆச்சரியம் இல்லை. நானும் கேட்கவில்லை.

அங்கே செய்த வேலையைக் குப்பு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி. அதன் மேல் எனாமல் பூசியிருக்கும். சுண்டுவிரல் அளவுக் கட்டை ஒன்றில் அதைக் கைமிஷினால் சுற்ற வேண்டும். எத்தனை சுற்று என்று மனதுக்குள் எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. அதனால் பேசக் கூடாது. காற்று பட்டால் கம்பி ஆடும், அதனால் ஜன்னல் திறக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் இருக்கும் இடம், அதனால் கதவு வெளியே பூட்டியிருக்கும். ஒவ்வொரு கொடுமைக்கும் தேவராஜிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது, கவனித்தாயா? சுற்றி முடித்ததும் கம்பி நுனியில் இருக்கும் எனாமலை உரித்தால்தான் ஈயம் ஒட்டும். பிளேடால் சுரண்டினால் நேரம் ஆகிறது என்று பல்லால் கடித்து உரிக்கச் சொன்னார்கள். உரித்த நுனியைக் கரியடுப்பின் மேல் கொதிக்கும் ஈயச் சட்டியில் முக்கி எடுக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் இரண்டு சட்டி. குடிக்கவும் கழுவவும் சேர்த்து ஒரே ஒரு பானைத் தண்ணீர். கையைக் கழுவினால் குடிக்க இருக்காது. அதனால் கையைக் கழுவாமல் சாப்பிட்டார்கள். விரல் மெல்லியது என்று எழுதினாயே, அந்த விரலெல்லாம் இங்கே இருந்தவரை கல் பொறுக்கின, களை பிடுங்கின, புளி உடைத்தன. மெல்லியதாக இருந்ததை நான் பார்த்ததில்லை. குறைந்த இடத்தில் அதிகம் பேரை உட்கார வைக்க நினைக்கிறவன் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும்.

நல்ல நாளுக்கு அனுப்புகிறேன் என்றவன் ஒரு வருஷம் ஒருவரையும் அனுப்பவில்லை. அடுத்த புளி உலுக்கும் காலத்தில் ஒரு சாயங்காலம் குப்புவும், நம் மேலண்டை வீட்டு வெள்ளச்சியும் நடந்தே மலை ஏறி வந்தார்கள். கம்பி உருளை இறக்கக் கதவைத் திறந்த நேரத்தில் வெளியே வந்திருக்கிறார்கள். நான் மரத்தடியில் புளி அள்ளிக்கொண்டிருந்தேன்.

"நைனா, வந்துட்டேன்."

"சொல்ட்டு வந்தியா?"

"சொன்னா வுடுவானா?"

"தேவராஜ் இன்னும் வந்து வெத்தலயத் திருப்பி வாங்கலியேம்மா."

"அவன் வரமாட்டான் நைனா. வந்தா நீ திருப்பிக் குடுப்பன்னு அவனுக்குத் தெரியும். அதுக்கோசரம்தான் மலப்பக்கமே வரமாட்றான்."

நான் மூப்பன். என் வழக்கத்தின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்கு எட்டு வருஷம் கழித்துத் தெரிகிறது. அவள் பதினெட்டு வயதில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொட்டச்சி நாயம் பேசாத" என்றேன். உன் அம்மா குறுக்கே வந்து, "புள்ள வவுறு வலிக்குதுன்றா, சோறே எறங்கலன்றா. நாலு நாள் இருக்கட்டுமே, இன்னா கொறஞ்சி போவுது?" என்றாள். "மூப்பன் வூட்லயே மொறிஞ்சா அப்புறம் ஊருன்னு ஒண்ணு இன்னாத்துக்கு?" என்றேன். மறுநாள் விடிந்ததும் இருவரையும் நானே கூட்டிக்கொண்டு இறங்கினேன். ஓடையைத் தாண்டும்போது குப்பு உட்கார்ந்து கையைக் கழுவினாள். தேய்த்துத் தேய்த்து நெடுநேரம் கழுவினாள். "போதும் வா" என்றேன். கொட்டகை வாசலில் தேவராஜ் எனக்கு ஸ்டூல் போட்டான். "மூப்பருன்னா இப்படில்ல இருக்கணும்! படிச்சவன்கூட இப்படி வாக்கக் காப்பாத்த மாட்டான்" என்று ஆட்களுக்குக் கேட்கும்படி சொல்லி, கோலி சோடா உடைத்துக் கொடுத்தான். குடித்தேன். அந்தச் சோடா எனக்கு ருசியாக இருந்தது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். உனக்கு யாராவது கம்பெனியில் கை கொடுத்துப் பாராட்டும்போது அந்த ருசி உனக்கும் தெரியும். தெரிந்தால் உடனே திரும்பிப் பார், உன் பின்னால் கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்று.

ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வந்தாராம். எப்போது வருவார் என்று இரண்டு நாள் முன்பே தேவராஜுக்குத் தெரியும். பதினோரு பேரையும் பின்பக்கம் உட்கார வைத்து வேர்க்கடலை உரிக்கச் சொல்லிவிட்டான். கேட்டால், கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, "யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கு என்று தேவராஜ் சொல்லித் தர மறந்துவிட்டான். வெள்ளச்சி அவனையே காட்டி, "தோ, இவருக்குத்தாங்க" என்றாளாம். அவனுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் மூன்று பிள்ளைகள். இன்ஸ்பெக்டர் சிரித்தாராம். எல்லோருக்கும் விரல் நுனி கறுத்திருந்ததைப் பார்த்தாராம். பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, ஒரு படி கடலையும் வாங்கிக்கொண்டு போனாராம். அந்த மனிதருக்குக் கண் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும். கடலை சொத்தையா நல்லதா என்று பார்த்துத்தானே வாங்கியிருப்பார்.

மூன்றாம் வருஷம் குப்புவின் வலது மணிக்கட்டு விழுந்துவிட்டது. கையை நீட்டினால் உள்ளங்கை கீழே தொங்கும், தூக்க முடியாது. சில நாளில் இடது கையும் அப்படியே ஆனது. "ஆள் அனுப்பி இட்டுகினு போங்க" என்று சந்தைக்கு வந்தவர்களிடம் சொல்லியனுப்பினான் தேவராஜ். வெற்றிலையைத் திருப்பி வாங்க அப்போதும் அவன் வரவில்லை. கெட்டுப்போன ஆளுக்கு வழக்கம் தேவைப்படவில்லை போலிருக்கிறது. வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். "பாட்டரி கம்பெனியில வேலையா?" என்று கேட்டார். ரேடியோக் கம்பெனி என்றேன். "கையக் கழுவிட்டுதான் சாப்பிடுவியாம்மா?" என்று கேட்டார். குப்பு என்னைப் பார்த்தாள். ஈயம் ரத்தத்தில் சேர்ந்திருக்கிறது, ரொம்ப நாள் ஆகிவிட்டது, முழுதும் சரியாகாது என்றார். வெள்ளச்சிக்குக் கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளை செத்தே பிறந்தது. மற்ற பெண்களும் ஒவ்வொருவராக ஒவ்வொரு நோவோடு ஏறி வந்தார்கள்.

தொழிலாளர் ஆபீசுக்குப் போனேன். அங்கே தேவராஜைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "இவர சந்தையில பாத்திருக்கேங்க, புளி விப்பாரு. பொண்ணுங்களா? எந்தப் பொண்ணுங்க?" என்றான். வேலை செய்ததற்கு ஆதாரம் என்ன என்று கிளார்க் என்னைக் கேட்டான். கூட்டத்தில் வெற்றிலை மாற்றினோம் என்றேன். "வெத்தலயா? எடுத்துகினு வந்திருந்தா இங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு போட்டிருக்கலாமே பெரியவரே" என்றான். அறை முழுக்கச் சிரித்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. என் பெண்களைக் கட்டிப்போட அந்த வெற்றிலை விலங்கு. அவனைக் கேள்வி கேட்க அது வெறும் இலை. அவன் காகிதம் வேண்டாம் என்று சொன்னது என் மேல் வைத்த மரியாதையால் அல்ல.

அதற்குப் பிறகுதான் நான் படித்தேன். உன் பழைய மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஐம்பதைத் தாண்டிய வயதில், எழுத்துக் கூட்டக் கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் போளூரில் தொழிற்சாலைச் சட்டம் என்று தமிழில் ஒரு சின்னப் புத்தகம் வாங்கிப் படித்தேன். ஜன்னல், தண்ணீர், புகை போக வழி, பூட்டாத கதவு, வேலை செய்கிறவர்கள் பெயர் எழுதிய பதிவேடு எல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் இல்லாத ஊரில் நடந்த அநியாயம் அல்ல இது. சட்டம் எழுதியவனும் இருக்கிறான், அச்சடித்தவனும் இருக்கிறான், அதைக் காக்க ஜீப்பில் போகிறவனும் இருக்கிறான். மலைக்காரனுக்கு விவரம் போதாது என்று இவர்கள் சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். விவரம் போதாதவன் நான் ஒருவன்தான். இவர்கள் எல்லோரும் தெரிந்தே செய்தார்கள்.

நீயும் தெரிந்துதான் செய்கிறாய். மறந்துவிட்டாய் என்று சொல்லாதே. நீ பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்தபோது லீவுக்கு வந்தாய். பஞ்சாயத்து ரேடியோ பாடாமல் நின்றிருந்தது. ஸ்குரூ டிரைவரால் அதைத் திறந்து வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். குப்பு உன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். உள்ளே இருந்த ஒரு காயிலைத் தாடையால் காட்டி, "இது நான் சுத்துனது" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டாய். சாமைக் கட்டு கட்டும்போது இரண்டு முறுக்கு முறுக்கி நுனியை அடியில் செருகுவோமே, அந்த முடிச்சு. மற்ற பெண்கள் சும்மா திருகிவிடுவார்கள், இவள் மட்டும் கம்பி நுனியை அப்படிக் கட்டுவாளாம். நீ பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாய். உன் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், முடிச்சு அங்கே இருந்தது. பெட்டியின் பின்னால் எந்தக் கம்பெனியின் பெயர் இருந்ததோ அந்தக் கம்பெனிக்குத்தான் நீ அந்த வாரம் மனு போட்டிருந்தாய். "ஒரே மாதிரி நெறைய இருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டு மூடினாய். அவள் நிமிர்ந்து உள்ளே போனாள். அது அவள் முடிச்சுதான் என்று நான் சொல்லவில்லை. உனக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். மகளை வாக்குக்காகக் கொடுத்தேன், அவள் சொன்ன உண்மையை மகனுக்காகக் கொடுத்தேன். இரண்டாவதற்கு வழக்கத்தின் மேல்கூடப் பழி போட முடியாது.

இப்போது எழுதுகிறாய், கம்பெனி நேரடியாக எதுவும் செய்வதில்லை என்று. அதைக் குற்றமாக அல்ல, நல்ல சேதியாக எழுதுகிறாய். உன் கம்பெனி மெட்ராசில் ஒருவனிடம் காயில் கேட்கும். அவன் தேவராஜிடம் கேட்பான். தேவராஜ் என்னிடம் ஆள் கேட்பான். மேலே இருக்கிற ஒவ்வொருவனும் தனக்குக் கீழே இருக்கிறவனைக் காட்டி, அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்வான். என்னத்தைப் பார்த்துக்கொண்டான்? குப்புவின் கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவர்கள் நானும் உன் அம்மாவும்தான். எனக்குக் கீழே காட்ட ஆள் இல்லை, மகள்தான் இருந்தாள். உங்கள் கோட்டு சூட்டு போட்ட மேனேஜருக்கும் வேட்டி கட்டிய தேவராஜுக்கும் நான் ஒரு வித்தியாசமும் காணவில்லை. தேவராஜாவது மலை ஏறி வந்து முகத்தைக் காட்டிப் பொய் சொன்னான். இவர் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் உன்னை அனுப்புகிறார். உன்னை ஏன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள் என்று யோசித்தாயா? உன் படிப்புக்கு என்று நினைக்கிறாய். அந்தப் படிப்புப் படித்தவர்கள் பெங்களூரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். மூப்பன் மகனாக இருப்பவன் நீ ஒருவன்தான்.

தேவராஜுக்கு ஆளைக் கட்டிப்போட என் வழக்கம் வேண்டியிருந்தது. அதை அவன் சந்தையில் நின்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். உன் கம்பெனிக்கு அந்த வேலையும் மிச்சம். வீட்டுப் பிள்ளை நீயே எழுதித் தந்துவிட்டாய்.

சரி. இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன்.

நான் செய்ய வேண்டியது: அறுப்பு முடிந்து கூடும் கூட்டத்தில் இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, மூப்பன் பொறுப்பை விட்டுவிட வேண்டும். அதற்கு முன்னால், போன பதினோரு பெண்களின் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய், அவர்கள் எதிரில் நின்று, நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். நாலு வீட்டுக்குப் போய்விட்டேன். வெள்ளச்சி கதவைத் திறக்கவில்லை. மறுபடி போவேன்.

ஊர் செய்ய வேண்டியது: கூலி வேலைக்கு வெற்றிலை மாற்றுவது இனி இல்லை என்று தீர்மானிக்க வேண்டும். கீழே வேலைக்குப் போவதா வேண்டாமா என்று அந்தப் பெண்ணையே கேட்க வேண்டும். போனவள் எந்த நாளில் திரும்பி வந்தாலும் அவள் வீடு அவளுக்குத் திறந்திருக்க வேண்டும்.

தேவராஜ் செய்ய வேண்டியது: மலை ஏறி வந்து, பதினோரு பேரும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நின்று, இவர்கள் என்னிடம் வேலை செய்தார்கள் என்று வாயால் சொல்லி, அதையே காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் செய்ய வேண்டியது: சொல்லாமல் வர வேண்டும். முதலாளி இல்லாத இடத்தில், பெண்களிடம் அவர்கள் வீட்டிலேயே வந்து விசாரிக்க வேண்டும். காபியைத் தன் வீட்டில் குடித்துவிட்டு வர வேண்டும்.

உன் கம்பெனி செய்ய வேண்டியது: பெட்டியின் மேல் எந்தப் பெயரை ஒட்டுகிறதோ அதே பெயரைப் பெண்களின் பதிவேட்டிலும் எழுத வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவளைத் தொடக் கூடாது. ஜன்னல் வைக்க வேண்டும், பூட்டை எடுக்க வேண்டும், ஈயச் சட்டியை உட்காரும் இடத்திலிருந்து தள்ளி, புகை வெளியே போகும்படி வைக்க வேண்டும். கையைக் கழுவத் தனித் தண்ணீர் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் ரத்தம் பார்க்க வேண்டும், பார்த்ததைப் பெண்களிடம் சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு, ஆள் கேட்டு இங்கே வரலாம். அதற்கு முன்னால், இந்தப் பதினோரு பேருக்கும் அவர்கள் உயிரோடு இருக்கும்வரை வைத்தியம் பார்க்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது: ஜீப் வேண்டாம், பஸ்ஸில் வா. அந்தக் காயிலில் என்ன பார்த்தாய் என்று உன் மேனேஜருக்கு உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை எனக்கு அனுப்பு. வேலை போகலாம். போனால் இங்கே கொல்லை இருக்கிறது. எழுத முடியாது என்றால் அதையும் காகிதத்தில் எழுதி அனுப்பு, கூட்டத்தில் வாசிக்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. உன் அக்காவால் சீப்பைப் பிடிக்க முடியாது. தினமும் காலையில் அவளுக்குச் சிக்கெடுத்துத் தலை வாரி, பின்னிவிட ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருஷமும் உன் அம்மா செய்தாள். அவளுக்கு இப்போது கண் மங்கிவிட்டது, வகிடு கோணலாகப் போகிறது. இந்த மாதத்திலிருந்து நான் செய்கிறேன். எனக்கு அறுபது ஆகப்போகிறது. எனக்குப் பிறகு நீ செய்ய வேண்டும்.

உன் அப்பன்